மீசப்புலிமலை என்று சொல்லிக் கொழுக்குமலைக்குக் கூட்டிப்போகிறார்கள், பணம் கட்டும் முன் படியுங்கள்

மூணாறு பக்கத்தில் இருக்கும் மீசப்புலிமலை உச்சிக்கு டிரெக்கிங் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி, கூடவே "சூரியநெல்லியில் டென்ட், விடியற்காலை ஜீப்" என்றும் யாராவது சொன்னால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். சூரியநெல்லி, பக்கத்து மலையான கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் கேரள ஊர். அது மீசப்புலிமலைக்குப் போகும் வழியே இல்லை. போன ஜனவரியில் நானும் அப்பாவும் ஆளுக்கு 3,800 ரூபாய் கட்டிய பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

அப்பா பிறந்து வளர்ந்தது போடியில். எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான். "அந்த உச்சில நின்னா நம்ம ஊரு எப்படித் தெரியும்னு பாக்கணும்டா" என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலை, மதுரைக்கு மாற்றல், எங்கள் படிப்பு, தங்கச்சி கல்யாணம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அவருக்கு 62 வயது. மீசப்புலிமலை 2,640 மீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயரமான சிகரங்களில் ஒன்று. இன்னும் இரண்டு வருடம் போனால் ஏற முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவசரப்பட்டேன். அப்பா இரண்டு மாதம் தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தார். கடைசி இரண்டு வாரம் முதுகுப் பையில் மூன்று தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு டிரெக்கிங் குழு. போனில் பேசியவர் நன்றாகத்தான் பேசினார். "கேரளா பாரஸ்ட் பெர்மிட், கைடு, சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு சார். அப்பாவைத் தைரியமா கூட்டிட்டு வாங்க" என்றார். பெர்மிட்டைக் கேட்டேன், வாட்ஸாப்பில் ஒரு தாளை அனுப்பினார். மேலே முத்திரை, கீழே ஒரு கையெழுத்து. யாருக்கு அனுமதி, எத்தனை பேருக்கு, எந்தத் தேதிக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பணத்தை ஜிபேயில் ஒரு தனி ஆளின் பெயருக்கு வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு, "குரூப்ல பேர் சேர்த்தாச்சு சார், அதுதான் கன்ஃபர்மேஷன்" என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு மாட்டுத்தாவணியில் வேன் ஏறினோம். 14 பேர். தேனி, போடி தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி போடிமெட்டு, அங்கிருந்து சூரியநெல்லி. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மூன்று பேர் படுக்கும் டென்டில் ஆறு பேர் என்றார்கள். கொடுத்த ஸ்லீப்பிங் பேக் உள்ளே ஈரமாக இருந்தது, முந்தின நாள் யாரோ படுத்த வியர்வை வாடை. அப்பா அதைத் திறந்து பார்த்துவிட்டு, மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, சால்வையைப் போர்த்தி வேன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்கு எழுப்பி, ஜீப்புக்குத் தனியாக ஆளுக்கு 500 ரூபாய் கேட்டார்கள். பணம் கட்டும்போது இதைச் சொல்லவில்லையே என்றதற்கு, "ஜீப் லோக்கல் யூனியன் சார், எங்க கையில இல்ல" என்றார்கள். சரி, வந்துவிட்டோம், உச்சிக்குப் போனால் போதும் என்று கொடுத்தேன்.

ஜீப் கல்லுப் பாதையில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே குலுக்கிக்கொண்டு ஏறியது. இறக்கிவிட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம். ஒரு பாறை முனை, ஏற்கெனவே நூறு பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். "இதுதான் சார் மீசப்புலி வியூ பாயின்ட். போட்டோ எடுத்துக்குங்க, ஏழு மணிக்குக் கிளம்பணும்" என்றார் கூட்டி வந்தவர்.

சூரியன் வந்தது. கீழே மேகம் பால் பொங்கின மாதிரி. எல்லோரும் கிழக்கே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் திரும்பி நின்றார். "அது என்ன மலை? நாம நிக்கிற இடத்தைவிட அது உசரமா இருக்கே" என்றார். எங்களுக்குப் பின்னால் புல்வெளியும் பாறையுமாக ஒரு பெரிய மலை, அதன் உச்சியில் வெயில் அப்போதுதான் பட்டுக்கொண்டிருந்தது.

பதில் சொன்னது ஜீப் ஓட்டி வந்த தம்பிதான். "ஐயா, அதுதான் மீசப்புலி. இது கொழுக்குமலை. இந்தப் பக்கமா அங்க போக யாருக்கும் அனுமதி இல்லீங்க, பாரஸ்ட்காரங்க பிடிப்பாங்க. மூணாறு வழியா புக் பண்ணித்தான் போகணும். உங்ககிட்ட என்ன சொல்லிக் கூட்டியாந்தாங்க?"

கொழுக்குமலையைக் குறை சொல்லவில்லை. தேனி மாவட்டத்து மலை, ஏழாயிரம் அடிக்கு மேலே தேயிலைத் தோட்டம், போவதற்குச் சாலை மட்டும் கேரளப் பக்கமிருந்து. அருமையான இடம்தான். அதைப் பார்க்க வேண்டுமென்றால் சூரியநெல்லிக்குப் போய் நாமே ஜீப் பிடித்துப் போய்விட்டு வந்திருக்கலாம். இரண்டு மாதம் பை சுமந்து பழகிய ஒரு மனிதரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், இதுதான் உச்சி என்று பொய் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சண்டை போட்டோம். அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். "வேணும்னா ஆளுக்கு 700 குடுங்க, லோக்கல் பையன் ஒருத்தன் புல்மேடு வழியா மீசப்புலிக்கே கூட்டிட்டுப் போவான்" என்றார் எங்களைக் கூட்டி வந்தவர். ஐந்து இளைஞர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் பர்ஸை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே குரங்கணிப் பக்கத்தைக் காட்டினார். 2018 மார்ச் 11-ம் தேதி அந்தச் சரிவில்தான் காட்டுத்தீயில் டிரெக்கிங் வந்தவர்கள் சிக்கினார்கள், 23 பேர் இறந்தார்கள். போடி ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுவந்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் அங்கே நின்றிருக்கிறார்கள். "நாம எங்க போனோம்னு வனத்துறைக்கே தெரியாத காட்டுல நான் கால் வைக்க மாட்டேன்" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்த ஐந்து பேரையும் வனக் காவலர்கள் பிடித்து, எழுதி வாங்கிக்கொண்டு, அபராதம் போட்டு அனுப்பினார்கள். அவர்களைக் கூட்டிப்போன பையன் காவலர்களைப் பார்த்ததும் ஓடிவிட்டானாம். வழியில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. அவர்கள் வரும்வரை மதியம் இரண்டு மணி வரை நாங்கள் வேனில் காத்திருந்தோம்.

ஊருக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "பார்க்கலாம் சார்", அப்புறம் "நோ ரீஃபண்ட் பாலிசி", மூன்றாம் நாள் குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். நிறுவனத்தின் பெயர், முகவரி, பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு ஜிபே பெயரும் ஒரு போன் நம்பரும் மட்டும்தான். ஆகவே ரசீதில் முகவரி இல்லாதவர்களிடம் எதற்காகவும் பணம் கட்டாதீர்கள். முகவரி இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம்கூட இல்லை.

மீசப்புலிமலைக்குப் போக ஆசைப்படுபவர்கள் கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் நேரடியாக முன்பதிவு செய்யுங்கள். மூணாற்றிலிருந்து சைலண்ட் வேலி எஸ்டேட் வழியாகப் போக வேண்டும் (பாலக்காட்டில் இருக்கும் தேசியப் பூங்கா வேறு, இது வேறு). அவர்கள் முகாமில் தங்கி, அவர்கள் கொடுக்கும் கைடோடு, காட்டுப் பூவரசு மரங்கள் நிற்கும் ரோடோ பள்ளத்தாக்கு வழியாக ஏறுவீர்கள். இடையில் யாராவது தாங்களே ஏற்பாடு செய்து கூட்டிப்போவதாகச் சொன்னால், உங்கள் பெயர் போட்ட முன்பதிவு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஏறத் தொடங்கும் இடம் எது என்றும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் போவதென்றால் 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவைத் தொடங்கியிருக்கிறது. அந்தந்த மலைக்காரர்களே கைடாக வருகிறார்கள்.

நேற்று ஒரு நண்பர் அந்தக் குழுவின் புது விளம்பரத்தை அனுப்பினார். "மீசப்புலிமலை உச்சி, வரும் சனி ஞாயிறு, சில இடங்களே மீதம்." அதில் போட்டிருக்கும் படம் நாங்கள் போன அன்றைக்கு எடுத்தது. ஓரத்தில் பச்சை சால்வையோடு, கேமராவுக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் என் அப்பா. அவர் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மீசப்புலிமலை.