ஹாம் கருவிகளின் ஃபர்ம்வேர்: மூடியதா, திறந்ததா?

ஒரு காலத்தில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில், டிரான்ஸீவரோடு (சிக்னலை அனுப்பவும் பெறவும் உதவும் கருவி) அதன் மின்சுற்றுப் படமும் வந்ததால், சிக்னல் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்பதை உரிமையாளரே தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்தது. இன்று வடிகட்டலும், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சும் பெரும்பாலும் கருவிக்குள் பதிந்த நிரலான ஃபர்ம்வேரின் பிடிக்குள் போய்விட்டன. மூலநிரல் கிடைக்காவிட்டால் கருவியின் பாதி நமக்கு இருட்டுதான். மூடியது, திறந்தது என்ற இரு வகைகளையும் நான் இந்த அளவுகோலைக் கொண்டே எடைபோடுகிறேன்.

மேசைக் கருவிகளில் மூடிய ஃபர்ம்வேரின் பலம் மறுக்க முடியாதது. 2016இல் விற்பனைக்கு வந்த ஐகாம் ஐசி-7300 போன்ற கருவியில், வன்பொருளையும் அதை இயக்கும் நிரலையும் ஒரே நிறுவனம் சேர்த்துச் சோதித்துத் தருகிறது. புதுப்பிப்பையும் எஸ்டி கார்டு வழியே ஏற்றிவிடலாம். நாள் முழுக்க வானொலித் தொடர்புப் போட்டியில் உட்காருபவருக்கு அந்த நம்பகம் பெரிது. ஆனால், நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்ட பிறகு தெரியவரும் பிழை, கருவியின் ஆயுள் முழுதும் அப்படியே கிடக்கும்.

கைக்கருவிகளில் நிலைமை வேறு. குவான்ஷெங் யுவி-கே5இன் ஃபர்ம்வேரை ஆர்வலர்கள் தலைகீழாகப் பிரித்து ஆராய்ந்து, திறந்த மூலநிரலாக எழுதி வெளியிட்டதும், அந்த மலிவான எஃப்எம் கருவியில் ஸ்பெக்ட்ரம் காட்சி உட்படப் பல வசதிகள் முளைத்தன. நிரலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 60 கிலோபைட் இடமே என்பதால், ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது. ஒலிபரப்பு வானொலி வேண்டாதவர் நிரலைத் தொகுப்பதற்கான அமைப்புக் கோப்பில் அதற்கான வரியில் 1 என்பதை 0 ஆக்கினால் போதும். பிடிடி பொத்தானை (பேசும்போது அழுத்துவது) அழுத்தியபடி கருவியை இயக்கினால், திரை வெறுமையாக இருக்க, டார்ச் விளக்கு மட்டும் எரியும். ஃபிளாஷ் செய்ய, அதாவது புதிய ஃபர்ம்வேரை ஏற்ற, கருவி தயார் என்பதற்கு அதுவே அடையாளம். அதற்கு முன் ஈப்ராம் என்ற நினைவகச் சில்லில் உள்ள அளவீட்டுத் தரவை நகலெடுத்து வைப்பது கட்டாயம், ஏனெனில் அது ஒவ்வொரு கருவிக்கும் தனியானது. அழிந்துபோனால் வேறொன்றின் தரவு சரியாகப் பொருந்தாது. திறந்த நிரல், நம் ஹாம் உரிமத்துக்கு அப்பாற்பட்ட அலைவரிசைகளிலும் ஒலிபரப்ப வழிவிடக்கூடும். அங்கே பொறுப்பு முழுவதும் உரிமம் வைத்திருப்பவருடையது.

டிஜிட்டல் குரலில்தான் பூட்டு மிக ஆழமாக இருக்கிறது. டி-ஸ்டார், டிஎம்ஆர், சிஸ்டம் ஃபியூஷன் ஆகிய மூன்று டிஜிட்டல் குரல் முறைகளும் ஏஎம்பிஇ குடும்பத்தின் தனியுரிமைக் கோடெக்குகளை (குரலை எண்களாக மாற்றும் நிரல்கள்) நம்பியிருக்கின்றன. டிஎம்ஆர் கருவிகளுக்கான மாற்று ஃபர்ம்வேரான ஓபன்ஜிடி77ஐ நிறுவும்போதுகூட, டிஎம்ஆர் குரலுக்காகத் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் கோப்பை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. திறந்த கோடெக்கான கோடெக் 2ஐப் பயன்படுத்தும் எம்17 நெறிமுறையும், அதை ஆதரிக்கும் திறந்த ஃபர்ம்வேரான ஓபன்ஆர்டிஎக்ஸும் இந்தப் பூட்டையே நீக்குகின்றன. பரிசோதனைக்கென்றே உரிமம் பெற்றவர்கள் நாம். நம் குரல் எந்தக் கணக்கால் எண்களாகிறது என்பதைப் படித்துப் பார்க்க முடிவதை நான் பெரிய பேறாகக் கருதுகிறேன். எம்17இல் பேச எதிர்முனையிலும் அதே நெறிமுறை வேண்டும் என்பதால், அன்றாட உரையாடலுக்கு எஃப்எம்மையும் டிஎம்ஆரையும் இன்னும் விட்டுவிட முடியவில்லை.