வெள்ளவத்தையில் ஓர் அலுமாரி நிறைய மசில் கார்கள்

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்கு அண்மையிலுள்ள தொடர்மாடி வீடொன்றில், அமெரிக்க மசில் கார்களின் (சாதாரணக் கார் உடலில் பெரிய, வலுமிக்க எஞ்சின் பொருத்திய கார்கள்) 1:18 அளவு, அதாவது பதினெட்டில் ஒரு பங்கு அளவு, உலோக மாதிரிகளை ஆர்வலர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறார். தெரிந்தவர்கள் மூலம் கேட்டுக்கொண்டு வருவோருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைக் காட்டுகிறார், கட்டணம் இல்லை. நிறமோ விலையோ நிறுவனமோ பாராமல் ஆண்டு வரிசையில் அடுக்கியிருப்பதால், 1964 முதல் 1974 வரையான கதையை அலுமாரியே சொல்லிவிடுகிறது.

முதல் தட்டில் 1964 பொன்டியாக் ஜீ.டீ.ஓ. நிற்கிறது. நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டர்ஸ் விதித்திருந்த காலத்தில், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான மேலதிகத் தெரிவு என்ற பெயரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி அந்த விதியைக் கடந்த கார் இது. சிறிய பொனட்டைத் திறந்தபோது எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் மூன்று கார்பரேட்டர்களும் தனித்தனியே தெரிந்தன. அந்த ஒரு காட்சிக்காகவே நான் இன்னொரு முறை செல்வேன்.

கூர்மூக்கும் உயர்ந்த பின்சிறகும் கொண்ட 1969 டொட்ஜ் சார்ஜர் டேடோனாவின் முன் நெடுநேரம் நின்றேன். 1970 மார்ச்சில் டலடேகா ஓடுபாதையில் மணிக்கு 200 மைலைத் தாண்டிய வடிவம் அது. உண்மைக் காரின் சிறகு ஏறத்தாழ 23 அங்குல உயரம் என்பதால் மாதிரியில் அது 3.2 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, வாங்குமுன் வேணியர் இடுக்கிமானியால் அளந்து பார்த்தாராம். இத்தகைய கவனம் தட்டுக்குத் தட்டு தெரிகிறது.

1970 செவர்லே செவல் எஸ்.எஸ். 454, எல்.எஸ். 6 எஞ்சினுடன் 450 குதிரைவலு என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த தட்டிலிருந்து குதிரைவலு எண்கள் இறங்குகின்றன. ஈயம் குறைந்த பெற்றோலுக்காக அமுக்க விகிதத்தை (எஞ்சினுக்குள் எரிபொருட் கலவை அமுக்கப்படும் அளவை) குறைத்தமை, காப்புறுதிக் கட்டண உயர்வு, 1973 எண்ணெய்த் தடை ஆகியவற்றை அவர் சுருக்கமாக விளக்கினார். 1972 இல் வலுவை அளக்கும் முறையே மாறியதால் வீழ்ச்சியின் ஒரு பகுதி கணக்கில் மட்டும் நேர்ந்தது என்பதையும் விடாமல் சொன்னார்.

பராமரிப்பைத் தனியாகப் பாராட்ட வேண்டும். இம்மாதிரிகள் நாகம் (துத்தநாகம்) கலந்த உலோகத்தில் வார்க்கப்படுபவை. வார்ப்பில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும் ஈரப்பதனும் வெப்பமும் சேர்ந்து உடலில் உள்ளிருந்தே விரிசல் விழச் செய்துவிடும். கொழும்பின் கடற்காற்றில் அந்த அபாயம் அதிகம். ஒவ்வொரு தட்டிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, மாதந்தோறும் மாற்றுகிறார்.

குறைகளும் உள்ளன. ஆண்டையும் எஞ்சினையும் குறிக்கும் சிறு அட்டைகூட இல்லாததால், அவர் அருகில் இல்லாவிட்டால் புதியவருக்கு எதுவும் புரியாது. அலுமாரி மேற்கு யன்னலுக்கு எதிரே நிற்பதால் சிவப்பு பிளிமத் கார் ஒன்றின் ஒரு பக்கம் வெளிறத் தொடங்கியுள்ளது. தடித்த திரை ஒன்று உடனடியாகத் தேவை. மூவருக்கு மேல் நிற்க இடமில்லை. செல்பவர்கள் காலையிலேயே செல்லுங்கள்; பிற்பகல் வெயில் கண்ணாடியில் விழுந்தால் பொனட்டுக்குள் இருப்பவை தெரியா.