சார்ஜரா, பேட்டரியா?

காரைக்குடி வீட்டில் முற்றத்துத் தூணோரம்தான் பிளக். அங்கே செருகியிருந்தும் லேப்டாப் 0 சதவீதத்திலேயே நின்றது; வயரைப் பிடுங்கினால் பொட்டென்று அணைந்தது. "சாரல்ல நனைய விட்டியா?" என்றார் ஆச்சி. இல்லை.

சார்ஜரைச் சோதிப்பது சுலபம், செலவும் குறைவு. முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதே வோல்ட், அதே பின், குறையாத வாட் உள்ள ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். 65 வாட் கேட்கும் மெஷினில் 45 வாட் போட்டால், பல சமயம் மெஷின் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. பின்னுக்குப் பக்கத்தில் வயர் மடிந்து நைந்திருந்தாலும் சந்தேகம் அதன்மேல்தான்.

அண்ணனின் சார்ஜரிலும் என்னுடையது ஏறவில்லை. அப்புறம் பேட்டரிதான். நான்கு வருடம் உழைத்ததாயிற்றே, சரி. டச்பேட் மேடாகத் தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாமல் கடைக்கு எடுத்துப்போங்கள்.