டர்போ காருக்குப் பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கறுப்பு டேப்பைப் பிரித்தபோது உள்ளேயிருந்து மரப்பலகையில் முடுக்குகிற ஒரு திருகு விழுந்தது. ரப்பர் ஹோஸின் வாயை அடைப்பதற்காகச் சொருகியிருந்த திருகு. எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் காரில் செய்திருந்த வேலை அது. இரண்டு மாதம் வெளியில் சொல்லாமல்தான் இருந்தேன். என் சித்தப்பா மகன் தன் காரையும் அதே கடையில் விடப்போவதாகப் போன வாரம் சொன்னான். இனியும் பேசாமல் இருப்பது தப்பு.

என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. ஆறு வருடமாகப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட வண்டி. தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அந்தக் கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, இது ஜப்பான் சரக்கு. டேஷ்போர்டில் எண்ணை வைத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்" என்றார். பெட்டியில் ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. மாட்டி முடித்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். அழுத்தத்தை 12 பிஎஸ்ஐ என்று வைத்தார், திரையில் 12 வந்து நின்றது. நான் நம்பினேன்.

அந்தக் கருவி உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் நான் எங்கே ஏமாந்தேன் என்பது புரியும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைதான் டர்போவைச் சுழற்றுகிறது. டர்போ சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். அழுத்தம் அளவு மீறாமல் இருக்க வேஸ்ட்கேட் என்று ஒரு சிறு கதவு உண்டு. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. உள்ளே அழுத்தம் ஏறியதும் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு அது திறக்கும், மிச்சப் புகை டர்போவைத் தொடாமல் வெளியேறிவிடும். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் என்பது ஒரு சென்சார், ஒரு கன்ட்ரோல் பெட்டி, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு, இந்த மூன்றும் சேர்ந்தது. சென்சார் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெட்டி சொல்கிறபடி சோலனாய்டு நொடிக்குப் பல முறை திறந்து மூடி, வேஸ்ட்கேட்டுக்குப் போகும் காற்றை அளந்து விடும். அழுத்தம் கூடினால் உடனே குறைக்கும். இந்தக் கண்காணிப்புக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். திரை அதில் ஒரு சின்ன பாகம்.

தை மாதக் கடைசியில் ஒரு இரவு தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அறுவடை நேரம், சாலையில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. சாலியமங்கலம் தாண்டியதும் வழி கொஞ்சம் விட்டது, மிதித்தேன். கன்ட்ரோலரைக் குறைவான அளவில்தான் வைத்திருந்தேன். திரையில் எண் 12ஐத் தாண்டி 15, 16 என்று ஏறி 18இல் நின்றது. தகரத்தில் உளுந்தைக் கொட்டியது போல எஞ்சினில் ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது வண்டி உதறியது, பின்னால் நீலப் புகை. பக்கத்து வேனிலிருந்தவர் இறங்கி வந்து, "அண்ணே, எஞ்சினை நிறுத்திவிடுங்கள்" என்றார். முகம் தெரியாத அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மன்னார்குடியில் அறுவடை இயந்திரங்களுக்கு டர்போ வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டர்களில் மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் 4 பார், மற்ற மூன்றிலும் 11 பார் வந்தது. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. பிறகு அவர் எஞ்சினை விட்டுவிட்டு ஹோஸ்களை விரலால் தடவிக்கொண்டே போனார். சோலனாய்டுக்குப் போன ஹோஸ் டேப்புக்குள் முடிந்துவிட்டது, திருகு அங்கேதான் இருந்தது. அந்தச் சோலனாய்டு எதனோடும் சேரவில்லை. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் உண்மையான குழாயில், பேட்டரி தட்டுக்கு அடியில், ஒரு சிறிய பித்தளை வால்வு இருந்தது. மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் போடுகிற திருகு வால்வு! அது காற்றைக் கொஞ்சம் வெளியே கசியவிட்டு வேஸ்ட்கேட்டை ஏமாற்றுகிறது. எவ்வளவு கசிகிறது என்று பார்க்க யாரும் இல்லை. இரவுக் குளிரில் அழுத்தம் ஏறியபோது இறக்குவதற்கு அங்கே எதுவுமே கிடையாது. திரை காட்டியது வெறும் மீட்டர் கணக்கு. நான் திருப்பிய குமிழுக்கு எந்த வேலையும் இல்லை.

அதோடு முடியவில்லை. இந்த வண்டியில் கம்பெனியே பூஸ்டைக் கட்டுப்படுத்த ஒரு சோலனாய்டு வைத்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியு கண்டுபிடிக்காதபடி அந்தப் பிளக்கில் ஒரு ரெசிஸ்டரைச் செருகியிருந்தார்கள். அழுத்தம் மீறினால் ஈசியு எஞ்சினின் சக்தியைக் குறைத்துக் காப்பாற்றியிருக்கும். அதற்கும் வழி விடாமல் சென்சார் வயரில் ஒரு டயோடு. எனக்குத் தாங்கவில்லை என்றால் அது இதுதான். மட்டமான பொருளைத் தலையில் கட்டுவது ஒரு குற்றம். வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருந்த வழியைத் தெரிந்தே அடைப்பது வேறு வகைக் குற்றம். அன்று என் மனைவியும் மகளும் வண்டியில் இல்லை, அவ்வளவுதான்.

கடைக்குப் போனேன். "பில் எங்கே?" என்றார். இருந்தது ஒரு துண்டுச் சீட்டு, "டர்போ வேலை" என்று எழுதியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "புகார் கொடுத்தால் உங்கள் ஆர்.சி.க்குத்தான் ஆபத்து, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணம் வாங்குவதற்கு முன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை, வாங்கிய பிறகு மிரட்டலாக எடுத்தார்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு. முதலில் உங்கள் வண்டியில் ஈசியுவே பூஸ்டைப் பார்த்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அப்படித்தான். அவற்றில் வெளியிலிருந்து இன்னொரு கன்ட்ரோலரைப் போட்டால் ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் என்றாகிவிடும், போடவே வேண்டாம் என்பது என் கருத்து. எச்கேஎஸ், கிரெடி போன்ற ஜப்பான் நிறுவனங்களின் தனிக் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் பழைய வண்டிகளையும் பந்தய வண்டிகளையும் கட்டி ஓட்டியவர்களிடம் பேர் வாங்கியவை. அங்கேயும் பெட்ரோல் அளவையும் இக்னிஷனையும் சேர்த்துத் திருத்தாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றுவதில்லை. நம் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கிவிடாது. கூடுதல் அழுத்தத்தில் அது கட்டுமீறித் தானாகவே வெடிக்கும், என் பிஸ்டனை உடைத்தது அதுதான்.

எந்தக் கடையிலாவது பொருத்திவிட்டதாகச் சொன்னால் பானட்டைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு ஹோஸும் எங்கே போகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு சோலனாய்டின் மின் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். வழக்கமான முறையில் சரியாகப் பொருத்தியிருந்தால் பூஸ்ட் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் கருவி எதையும் கட்டுப்படுத்தவில்லை. ஐந்து நிமிட வேலை. மாமா எனக்கு இதைச் சொன்னபோது எஞ்சின் மேசைமேல் பிரிந்து கிடந்தது.

திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் அனுப்பிய பதிவு என்னிடம் இருக்கிறது. பித்தளை வால்வு, ரெசிஸ்டர், டயோடு, அந்த மரத் திருகு, நான்கையும் மாமா முன்னால் படமெடுத்து ஒரு கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். சித்தப்பா மகன் நேற்று வந்து பார்த்தான். கடைக்குக் கொடுத்த முன்பணத்தை இன்று காலை திருப்பி வாங்கிவிட்டான்.