பிஎஸ்5: பெயர் ஒன்று, எடை நான்கு

சோனியின் கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 5-ஐத்தான் பிஎஸ்5 என்கிறோம். மதுரை டவுன்ஹால் ரோட்டில் போய் "பிஎஸ்5 இருக்காண்ணே?" என்று கேட்டால், "ஸ்லிம்மா, பழசா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பழசு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று மெஷின்கள் ஒளிந்திருக்கின்றன. வெளித்தோற்றம் மூன்றுக்கும் ஒன்றுதான். இரண்டாவதில் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் வேறு, மூன்றாவதில் சிப்பே வேறு. செகண்ட்ஹேண்ட் விலை பேசும்போது பெட்டி இருக்கிறதா, கன்ட்ரோலர் ஒன்றா இரண்டா என்றுதான் பார்க்கிறார்கள். உள்ளே எந்த சிப் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு அதே காசில் நல்ல மெஷின் கிடைக்கும்.

பார்க்க வேண்டியது மாடல் எண். சிஎஃப்ஐ-1000 வரிசை 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்தது; இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2. அடுத்து 2021-ல் 1100, 2022-ல் 1200. ஸ்லிம் என்பது 2000 வரிசை. இந்தியாவில் 2024 ஏப்ரல் 5 முதல். நம்மூருக்கென்று வந்ததில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 08 என்றிருக்கும்: சிஎஃப்ஐ-1208ஏ என்பதைப்போல. எண்ணை அடுத்து வரும் எழுத்து ஏ என்றால் டிஸ்க் போட்டு ஆடும் மாடல், பி என்றால் டிஸ்க் இல்லாமல் டவுன்லோட் மட்டும் செய்யும் டிஜிட்டல்.

ஸ்டிக்கர் தேய்ந்திருந்தாலோ கிழிந்திருந்தாலோ தராசு சொல்லிவிடும். டிஸ்க் மாடலில் முதலாவது 4.5 கிலோ, இரண்டாவது 4.2, மூன்றாவது 3.9, ஸ்லிம் 3.2. டிஜிட்டலில் அதே வரிசையில் 3.9, 3.6, 3.4, 2.6. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும். ஒரு சிக்கல்: முதல் டிஜிட்டலும் மூன்றாவது டிஸ்க்கும் ஒரே 3.9 கிலோ. டிஸ்க் போடும் வாய் இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும். இன்னொரு அடையாளம், ஸ்டாண்டைப் பிடிக்கும் திருகு. 1000 வரிசையில் அதைத் திருக ஸ்க்ரூடிரைவரோ நாணயமோ வேண்டும். 1100-லிருந்து விரலாலேயே திருகலாம். திருகு தொலைந்துபோய் வேறு போட்டிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

எடை இரண்டு முறை குறைந்ததற்கும் காரணம் ஒன்றல்ல. 2021-ல் குறைந்த 300 கிராம் ஹீட்சிங்க்கில் வெட்டிய உலோகம்; சிப் அதே 7 நானோமீட்டர் (சிப் தயாரிக்கும் முறையின் பெயர் இது; எண் குறைந்தால் உள்ளே உள்ள பாகங்களும் சிறிது). வெளியே வரும் காற்று கூடுதலாகச் சுடுகிறது என்று அப்போது பெரிய கூச்சல். சூடு வெளியே வருவதற்குத்தானே ஹீட்சிங்க்? உள்ளே தங்கினால்தான் கவலை. 2022-ல் டிஸ்க் மாடலில் குறைந்த 300 கிராம் வேறு கதை. சிப் 6 நானோமீட்டருக்கு மாறியது, சூடு குறைந்தது, அதனால் ஹீட்சிங்க் மறுபடி சிறுத்தது.

சிப் சிறுத்தால் செலவு எப்படிக் குறைகிறது என்பதற்கு வட்டத் தாம்பாளத்தில் கொட்டிய மைசூர்பாகை நினைத்துக்கொள்ளலாம். சதுரமாக வில்லை போடும்போது ஓரத்தில் உள்ளதெல்லாம் உடைசல். வில்லை சிறிதானால் எண்ணிக்கையும் கூடும், ஓரச் சேதமும் குறையும், ஒரு கல் கிடந்தாலும் போவது ஒரு சின்ன வில்லைதான். தாம்பாளத்தின் இடத்தில் இங்கே சிப்களை வெட்டி எடுக்கும் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தட்டு, அதாவது வேஃபர். 1000 வரிசையின் சிப் சுமார் 308 சதுர மில்லிமீட்டர். வேஃபருக்கு ஏறத்தாழ 190 விழும். 1200-ன் சிப் சுமார் 260. ஏறத்தாழ 230 விழும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கல்லுக்கும் முன்கூட்டியே இடம் விட்டிருக்கிறார்கள்: சிப்பில் 40 கிராஃபிக்ஸ் யூனிட்கள் இருந்தாலும் 36 மட்டுமே வேலை செய்யும். நான்கு பழுதானாலும் சிப் குப்பைக்குப் போகாது. பிஎஸ்4-ல் 20-க்கு 18, பிஎஸ்3-ன் செல் சிப்பில் 8 துணை புராசசர்களுக்கு 7 என்று இந்த ஏற்பாடு பழையதுதான்.

அப்படியானால் 6-ல் நிற்காமல் 5 நானோமீட்டருக்கே போயிருக்கலாமே என்று தோன்றும். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வு மையம் 2020-ல் போட்ட மதிப்பீட்டில் 28 நானோமீட்டர் வேஃபர் 2,891 டாலர், 16-ல் 3,984, 7-ல் 9,346, 5-ல் 16,988. 6 நானோமீட்டர் என்பது 7-ன் விதிகளிலேயே ஓடுகிற திருத்திய முறை. சிப்பை முதலிலிருந்து வரைய வேண்டியதில்லை. வேஃபர் விலை 7-க்கு உள்ளதே என்று வைத்துக்கொண்டால், பழுதைக் கணக்கில் சேர்க்காமல், சிப்புக்கு 49 டாலர் 41 ஆகிறது. 5-க்குப் போய் சிப்பை 200 சதுர மில்லிமீட்டருக்கே சுருக்கினாலும் வேஃபருக்கு 306 சிப். ஒன்று 55 டாலருக்கு மேல். சிறிய சிப், பெரிய விலை. அந்த 200-க்குக்கூட எளிதில் வராது. மெமரியோடு பேசும் ஓரப் பகுதிகள் சிப்பின் மற்ற இடங்களைப்போலச் சுருங்குவதில்லை.

பழைய காலத்தில் இந்தக் கணக்கு நேர்க்கோட்டில் ஓடியது. பிஎஸ்2 2000-ல் அமெரிக்காவில் 299 டாலர். இரண்டு பெரிய சிப்களும் 90 நானோமீட்டரில் ஒன்றாகி, 2004-ல் புத்தகம்போல மெலிந்த மாடல் வந்தது. 2009-ல் விலை 99. பிஎஸ்3-ன் செல் சிப் 90, 65, 45 என்று இறங்க, 2009-ல் வந்த ஸ்லிம் 299 டாலருக்கு விற்றது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-ல் சுருக்கம் வெறும் சேமிப்பாக இல்லை, பிழைப்பாகவே இருந்தது. 90 நானோமீட்டர் சிப்கள் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, உள்ளே இணைப்புகள் விட்டுப்போய், பழுதைக் காட்டும் சிவப்பு வளையம் முன்பக்கத்தில் எரிந்தது. 2007-ல் மைக்ரோசாஃப்ட் அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2010-ல் இரண்டு சிப்களையும் 45 நானோமீட்டரில் ஒன்றாக்கியபோது வேடிக்கையான ஒரு வேலையும் செய்தார்கள்: பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டதால் தகவல் வேகமாகப் போய் பழைய கேம்களின் தாளம் தப்பிவிடக் கூடாதென்று, நடுவே வேண்டுமென்றே தாமதம் தரும் ஒரு பகுதியை வைத்தார்கள்.

பிஎஸ்5-ல் சிப் சுருங்கியது 2022 செப்டம்பரில். இந்தியாவில் விலை ஏறியது 2022 நவம்பரில்: டிஸ்க் 49,990-லிருந்து 54,990, டிஜிட்டல் 39,990-லிருந்து 44,990. ஏமாற்று வேலை என்று திட்டுவதற்கு முன் டாலரைப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் டாலர் ஏறத்தாழ 73 ரூபாய். 49,990 என்பது 685 டாலர். 2022 நவம்பரில் ஏறத்தாழ 82. 54,990 என்பது 670 டாலர். சிப் மிச்சப்படுத்தியதை ரூபாயின் சரிவு அப்படியே விழுங்கிவிட்டது. அமெரிக்காவிலும் நிலைமை தலைகீழ்தான். 2021-லேயே 499 டாலர் மாடல் நஷ்டத்தில் விற்கவில்லை என்று சோனி சொன்னது. 2025 ஆகஸ்டில் அதே டிஸ்க் மாடலின் விலை 549.99 ஆனது. சிப்பில் மிஞ்சுகிற எட்டு டாலர் இந்த அலையில் எங்கே தெரியப்போகிறது?

வாங்குகிறவர் கைக்கு வருவது சூட்டிலும் கரண்டிலும்தான். 1000-த்தைவிட 1200 அதே கேமுக்கு 20 முதல் 30 வாட் குறைவாக இழுப்பதாக அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத ஈபி பில்லில் நாலரை யூனிட். பெரிய தொகை இல்லை. இன்வெர்ட்டரில் தெரியும். 150 ஏஹெச் பேட்டரியில் மெஷின், டிவி, ஒரு ஃபேன் மூன்றும் ஓடினால் சுமார் மூன்று மணி நேரம். 1200 என்றால் கால் மணி நேரம் கூடும். இன்வெர்ட்டர் சைன்வேவாக இருக்கட்டும். பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். மற்ற நிலையில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி நீண்டு, மெஷின் அணைந்துவிடும். டேட்டா எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் ஸ்டோரேஜைச் சரிபார்க்க ஆரம்பித்து நேரம் தின்னும்.

சோனி தந்திருக்கும் இயக்க வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி. சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரை மாடி வீட்டு அறை 35-ஐத் தாண்டித்தான் இருக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு 25 வாட் குறைவு என்பது பேச்சுக்கு இல்லை, ஃபேன் சத்தத்திலேயே கேட்கும். எந்த மாடலானாலும் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தால் 6 நானோமீட்டரும் காப்பாற்றாது.

ஸ்லிம்மில் சிப் 1200-ல் உள்ள அதே 6 நானோமீட்டர். கொள்ளளவு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 825 ஜிபியிலிருந்து 1 டிபி ஆகியிருக்கிறது, முன்பக்கம் இரண்டும் டைப்-சி. ஆனால் செங்குத்தாக நிறுத்தும் ஸ்டாண்ட் பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். படுக்க வைக்க இரண்டு பிளாஸ்டிக் கால்கள் மட்டும் தருகிறார்கள். கப்பலில் ஒரு கன்டெய்னருக்கு அதிகப் பெட்டி ஏறுவது சோனிக்கு லாபம். நமக்குக் கிடைப்பது 175 ஜிபி இடமும் டிவி பக்கத்தில் கொஞ்சம் இடமும். அதுவும் நிலையில்லை: 2025 செப்டம்பரில் ஐரோப்பாவுக்கு வந்த டிஜிட்டல் மாடலில் விலை மாறாமல் எஸ்எஸ்டியை மறுபடி 825-க்கு இறக்கிவிட்டார்கள். புதிதாக வாங்குகிறவர் ஸ்லிம் வாங்குவதைத் தவிர வழியில்லை. செகண்ட்ஹேண்டில் எங்கள் ஓட்டு 1200-க்கு. இந்த நான்கில் குளிர்ந்த சிப்பும் தாராளமான உடம்பும் சேர்ந்திருப்பது அதில்தான். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் சிப் 4 நானோமீட்டர் வகை, ஆனாலும் பரப்பு சுமார் 279 சதுர மில்லிமீட்டர். மிஞ்சிய இடத்தையெல்லாம் கிராஃபிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு 699.99 டாலர் போட்டார்கள். வந்தபோது அதை இந்தியாவுக்கு அனுப்பவும் இல்லை. அது பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அப்போது இங்கே அனுமதிக்கப்படவில்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் அதன் சிப் 20-லிருந்து 16 நானோமீட்டருக்கு மாறியது. விலை அதே 299 டாலர், பேட்டரியும் அதே 4,310 எம்ஏஹெச். ஆடும் நேரம் மட்டும் 2.5 – 6.5 மணியிலிருந்து 4.5 – 9 மணியாக உயர்ந்தது. சீரியல் எக்ஸ்ஏடபிள்யூ என்று தொடங்கினால் பழையது, எக்ஸ்கேடபிள்யூ என்றால் புதியது. மதுரைக்கு வருவதெல்லாம் வெளிநாட்டிலிருந்து கைமாறி வருபவை. விற்பவருக்கே இந்த வேறுபாடு தெரியாமல் இருக்கலாம்.

இனி பழைய பிஎஸ்5-ஐக் கடையில் சோதிப்பது. ஐந்து நிமிடம் மெனுவை ஓட்டிக் காட்டினால் போதாது. எல்லா மெஷினிலும் இருக்கும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை ஏசி இல்லாத இடத்தில் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். ஃபேன் சீராகக் கூடினால் பரவாயில்லை. திடீரென்று இரைந்து, சூடு அதிகம் என்று திரையில் எச்சரிக்கை வந்தால் தூசியோ லிக்விட் மெட்டலோ காரணம். தூசி என்றால் பக்கத் தகட்டைக் கழற்றினால் தெரியும். பழைய மூன்று வரிசையிலும் வாக்குவம் வைத்து உறிஞ்சவே இரண்டு ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். பிளோயர் அடிப்பதானால் ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும்.

லிக்விட் மெட்டல் என்றால் விலகிக்கொள்வதே நல்லது. சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சாதாரண பேஸ்ட்டுக்குப் பதில் காலியம் கலந்த உலோகத்தை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் நுரைத் தடுப்பு. ஏற்கெனவே பிரித்த மெஷினில் அந்தத் தடுப்பு கிழிந்திருந்தால், உலோகம் வழிந்து பக்கத்துச் சின்னப் பாகங்களை ஷார்ட் செய்யும். காலியம் அலுமினியத்தையும் அரிக்கும். சர்வீஸ் செய்தது என்று சொன்னால் எதைப் பிரித்தார்கள் என்று கேட்க வேண்டும். திருகுகளின் மேல் உள்ள சீல் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும், படம் விட்டுவிட்டு வந்தால் போர்ட் போச்சு. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் 825 மாடலுக்கு 667 ஜிபி என்று காட்ட வேண்டும். இந்த எஸ்எஸ்டி போர்டிலேயே பற்றவைத்தது, கெட்டால் மாற்றிப் போட முடியாது. கூடுதல் எஸ்எஸ்டி போட்டிருந்தால் ஹீட்சிங்க்கோடு உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், வேகம் நொடிக்கு 5,500 எம்பிக்கு மேல். கடைசியாக ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய மூன்று வரிசையிலும் டிரைவின் சர்க்யூட் மெஷினின் போர்டோடு ஜோடி சேர்ந்தது. வேறு மெஷினின் டிரைவை முழுதாக எடுத்துப் போட்டால் டிஸ்க்கைப் படிக்காது, பழைய சர்க்யூட்டை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். ஸ்லிம்மின் டிரைவ் கழற்றி மாட்டக்கூடியது, ஆனால் முதல் முறை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும். கடையில் வைஃபை இல்லையென்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாவது அங்கேயே ஜோடி சேர்த்து, ஒரு கேம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுக்கலாம்.