ராணுவம் கழித்த 5 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்: ஹூஸ்டன் வீட்டில் நான்கு வருட அனுபவம்

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்துபோனபோது எங்கள் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. வீட்டுக்குள்ளேயே 5 டிகிரி. குழாய் உறைந்து வெடித்து, சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை நான்கு போர்வைக்குள் உட்காரவைத்துவிட்டு, கார் சார்ஜரில் போனை மாட்டிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிரில் மாநிலத்தில் 246 பேர் இறந்ததாகப் பிறகு அரசு கணக்குச் சொன்னது. இனி ஒரு முறை இப்படி உட்காரக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கேஸ் இணைப்பில் தானாக ஓடும் பெரிய ஜெனரேட்டருக்கு விலை கேட்டால் பொருத்துகூலியோடு பத்தாயிரம் டாலருக்கு மேல் சொன்னார்கள், அதுவும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். கடையில் கிடைக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடுவது. அது அவசரத்துக்கு ஓடும், ஒரு வாரம் இரவும் பகலும் ஓடு என்றால் திணறும். அப்போதுதான் இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர், ராணுவத்தில் இருந்தவர், எம்இபி-802ஏ என்று ஒரு ராணுவ டீசல் ஜெனரேட்டர் மாடலைச் சொன்னார். அமெரிக்க ராணுவம் தேவை முடிந்த சாமான்களை ஏலத்தில் கழித்துவிடும், நம் ஊரில் அரசு ஜீப்பைக் கண்டம் செய்து ஏலம் விடுவார்களே, அது போலத்தான். கோவ்பிளானட் போன்ற ஏல இணையதளங்களில் இவை வரும்.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 5 கிலோவாட், 60 ஹெர்ட்ஸ். உள்ளே இருப்பது லிஸ்டர் பெட்டர் எல்பிடபிள்யூ2, இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் டீசல் எஞ்சின், 1800 சுற்றில் நிதானமாக ஓடும். எடை 888 பவுண்டு, அதாவது 400 கிலோவுக்குச் சற்று மேல். சத்தத்தை அடக்கும் இரும்புப் பெட்டிக்குள் எல்லாம் அடைத்திருக்கும், 7 மீட்டர் தூரத்தில் 70 டெசிபல் என்பது அதன் அளவு. 5 கிலோவாட் என்று தகட்டில் இருப்பதை ராணுவம் மிகவும் அடக்கிச் சொல்லியிருக்கிறது. 240 வோல்ட்டில் 26 ஆம்பியர் கொடுக்கும் என்பதால் வீட்டுச் சாமான்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வரும்.

ஏலத்தில் 1900 டாலருக்கு எடுத்தேன். "ஓட்டிப் பார்க்கப்படவில்லை" என்று குறிப்பு. ஏலக் கமிஷன், லாரி வாடகை, இரண்டு பேட்டரி, உதிரிபாகம், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து வீட்டில் விளக்கு எரியும்போது கணக்கு 4000 டாலரை நெருங்கிவிட்டது. மலிவு என்று நினைத்து இதை வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். மீட்டரில் 1140 மணி நேரம் காட்டியது, அதையும் நான் நம்பவில்லை. ராணுவப் பட்டறையில் மீட்டரை மாற்றியிருக்கலாம், எஞ்சினையே மாற்றியிருக்கலாம். ஆயில் டிப்ஸ்டிக்கும் ரேடியேட்டர் தண்ணீரும் சொல்வதுதான் உண்மை.

வீட்டு வாசலில் லாரிக்காரர் இறக்கிவைத்துவிட்டுப் போன பிறகு அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோக ஒரு முழு சனிக்கிழமை ஆனது. புல்தரையில் பிளைவுட் பலகை விரித்து, இரும்புக் குழாய் உருளைகள் மேல் வைத்து, நண்பர்கள் நான்கு பேர் அங்குலம் அங்குலமாகத் தள்ளினோம். முதலிலேயே காங்கிரீட் மேடை போட்டுவிடுங்கள், பிறகு தூக்கிவைக்க முடியாது.

முதல் வாரம் எஞ்சின் ஓடவில்லை. டீசலைத் தள்ளும் மின்சாரப் பம்ப் செத்துப்போயிருந்தது, ரப்பர் டீசல் குழாய்கள் தொட்டால் உதிர்ந்தன. குழாய் எல்லாவற்றையும் மாற்றினேன். பம்ப் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த மெஷின் முழுக்க 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்திருக்கும். கார் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் போட்டுக் கிளப்பலாம் என்பதெல்லாம் நடக்காது. பம்ப் வந்த பிறகு சுவிட்சைப் "பிரைம்" நிலையில் கொஞ்ச நேரம் வைத்து ஏர் எடுத்து, ஸ்டார்ட் பக்கம் திருப்பினேன். ஒரு நொடி வெள்ளைப் புகை, பிறகு பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் கேட்டு அம்மா பின்கதவைத் திறந்து வந்தார். "அப்பா வச்சிருந்த ஆயில் எஞ்சின் மாதிரியே இருக்குடா." லால்குடிப் பக்கம் எங்கள் வயலில் கிணற்றுத் தண்ணீர் இறைக்க அப்பா வைத்திருந்தது லிஸ்டர் வகை ஆயில் எஞ்சின், ராஜ்கோட்டில் செய்தது. இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் பிறந்த அந்த எஞ்சினைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகள் பல்லாண்டுகள் செய்து விற்றன. என் கொல்லையில் நிற்பதும் அதே டர்ஸ்லிக் கம்பெனியின் வழிவந்ததுதான். அப்பா அதற்கு டீசல் ஊற்றுவதற்கு முன் வேட்டித் துணியில் வடிகட்டுவார். நான் கண்ணி வலை வைத்த புனலில் வடிகட்டுகிறேன்.

வீட்டு வயரிங் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், இதில்தான் ஆட்கள் சாகிறார்கள். ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் துணி உலர்த்தும் டிரையரின் பிளக்கில் சொருகுவது என்று ஒரு பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். மெயினை அணைக்க மறந்தால் உங்கள் மின்சாரம் தெருக்கம்பத்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, கம்பியில் வேலை செய்துகொண்டிருக்கும் ஆளைக் கொன்றுவிடும். நான் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து வெளிச்சுவரில் ஜெனரேட்டர் ஒயரை மாட்ட ஓர் இன்லெட் பெட்டியும் பேனலில் இன்டர்லாக் தகடும் போட்டேன். மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஆன் ஆகவே முடியாதபடி அந்தத் தகடு தடுக்கும்.

இந்த ராணுவ மெஷினுக்கே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. எனக்கு வந்தது மூன்று ஃபேஸ் 120/208 நிலையில் இருந்தது. உள்ளே இருக்கும் வோல்டேஜ் தேர்வுச் சுவிட்சை எஞ்சின் நிற்கும்போது 120/240 ஒற்றை ஃபேஸுக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு மீட்டர் வைத்து ஒவ்வொரு முனையாக அளந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டோடு சேர்க்க வேண்டும். இன்னொன்று, நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் இணைத்து ஒரு செம்புப் பட்டை இருக்கும். தனியாக ஓடும்போது அது தேவை. வீட்டுப் பேனலிலேயே நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருப்பதால் என் வகை இணைப்பில் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எர்த் ஒயரிலும் கரண்ட் ஓடும். வந்த எலக்ட்ரீஷியனுக்கு இந்தப் பட்டை இருப்பதே தெரியவில்லை, இந்த மெஷினுக்கு ராணுவம் போட்ட டிஎம் 9-6115-641 கையேட்டில் படம் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அந்தக் கையேடுதான் இந்த மெஷினின் பாதி மதிப்பு. பத்தொன்பது வயதுச் சிப்பாய், மெக்கானிக் வேலையே தெரியாதவன், பாலைவனத்தில் நின்று படித்தாலும் புரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எந்த ரிலேயில் எத்தனை வோல்ட் வர வேண்டும், வராவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. நான் கம்ப்யூட்டர் வேலை செய்பவன், ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. இந்த நான்கு வருடத்தில் நானே பம்ப், தெர்மோஸ்டாட், ஒரு ரிலே மாற்றியிருக்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், கரண்ட் போன பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

கட்டுப்பாட்டுப் பலகையில் சிவப்பு மூடி போட்ட "பேட்டில் ஷார்ட்" என்று ஒரு சுவிட்ச் உண்டு. ஆயில் பிரஷர் குறைந்தாலோ எஞ்சின் கொதித்தாலோ மெஷின் தானாக நின்றுவிடும்; இந்தச் சுவிட்சைப் போட்டால் அந்தப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை செயல்படாது, எஞ்சின் வெந்துபோனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். போர்க்களத்தில் ரேடாரோ மருத்துவக் கூடாரமோ இருட்டாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நான் அந்த மூடியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன், பிள்ளைகள் கை வைத்துவிடக் கூடாது.

2022 டிசம்பர் குளிரில் இது என்னைக் கைவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய குளிர், ராத்திரி கரண்ட் போனதும் போய்ச் சுவிட்சைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு பேட்டரியில் ஒன்று இறங்கிப்போயிருந்தது, இரண்டு மாதம் நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. நல்லவேளை, மூன்று மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகச் சிறு சார்ஜர் மாட்டினேன், மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் கட்டாயம் ஓட்டுகிறேன்.

அப்படி ஓட்டும்போது லோடு கொடுத்து ஓட்ட வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. டீசல் எஞ்சினைச் சும்மாவோ லேசான லோடிலோ மணிக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் போதிய அளவு சூடாகாது, டீசல் முழுசாக எரியாது, கரியும் எரியாத டீசலும் கலந்து சைலன்சர் வழியே கறுப்பாக ஒழுகும். எனக்கு முதல் வருடம் அப்படி ஒழுகிக் காங்கிரீட் முழுக்கக் கறை. இப்போது இரண்டு அறை ஹீட்டர், ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு, அந்த வார இட்லிக்கு கிரைண்டர் எல்லாம் ஒன்றாகப் போட்டுவிடுவேன், லோடு முக்கால் பங்குக்கு மேல் வந்துவிடும். ஒழுகல் நின்றுவிட்டது. லோடு இல்லாதபோது எஞ்சின் வேகத்தை 61 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டால் லோடு ஏறும்போது 60க்கு இறங்கி நிற்கும். கம்ப்யூட்டர் யூபிஎஸ் இந்தக் கரண்டை முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்கிறது.

உண்மையான சோதனை 2024இல். மே 16 புயல்காற்றில் மூன்று நாள். ஜூலை 8 காலை பெரில் சூறாவளி மட்டகோர்டா அருகே கரையேறி நேராக ஹூஸ்டன் மேல் வந்தது, இருபது லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் கரண்ட் இல்லை. எங்களுக்கு ஏழு நாள். வெளியே 35 டிகிரி, காற்றில் ஈரம். அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜ், ஃபிரீசர், விளக்கு, இணையம், படுக்கையறைகளில் இரண்டு ஜன்னல் ஏசி, இவ்வளவையும் அலட்டிக்கொள்ளாமல் இழுத்தது. சென்ட்ரல் ஏசியை நான் முயலவில்லை, கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்டை 5 கிலோவாட் தாங்காது. அது வேண்டுமென்றால் இதன் அண்ணன் 803ஏ, 10 கிலோவாட், நான்கு சிலிண்டர், அதைப் பாருங்கள்.

சராசரியாக மணிக்கு ஒன்றரை லிட்டர் குடித்தது. தொட்டி 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டர். ஆனால் இதில் வெளித் தொட்டியிலிருந்து தானே டீசல் உறிஞ்சிக்கொள்ளும் துணைப் பம்ப் ஒன்று இருக்கிறது. டிரம்மில் குழாயைப் போட்டுவிட்டு இரவெல்லாம் தூங்கினேன். பகலில் நான்கு மணி நேரம் நிறுத்தி, ஆறவிட்டு, ஆயில் பார்த்து, மறுபடி கிளப்புவேன். எங்கள் பகுதியில் பெட்ரோலுக்கு வரிசை நீண்டு நின்ற நாட்களில் டீசல் குழாயில் கூட்டமே இல்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கும் ஒரு ஒயர் கொடுத்தோம், தெருவில் நாலைந்து பேர் தினமும் போன் சார்ஜ் செய்ய வந்தார்கள், அம்மா எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தார்.

மெஷின் வீட்டிலிருந்து 7 மீட்டர் தள்ளி இருக்கிறது. புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 2021 குளிரில் கராஜுக்குள் காரை ஓடவிட்டு இறந்தவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். ஒவ்வொரு படுக்கையறை வாசலிலும் பேட்டரியில் ஓடும் அலாரம் வைத்திருக்கிறேன். மழை என்பதற்காக வாசல் கூரைக்கடியில் இழுக்க வேண்டாம், இந்தப் பெட்டி மழையில் நிற்பதற்கென்றே செய்தது.

டீசல் சேமிப்பு தலைவலிதான். 40 கேலன் வைத்திருக்கிறேன், சாலைக்கு ஆகாத சிவப்புச் சாயம் போட்ட டீசல், வரி இல்லாததால் விலை குறைவு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்தால் தண்ணீர் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதனால் புயல் பருவம் முடிந்ததும் பக்கத்து ஊரான கேட்டிக்கு அப்பால் நெல் பயிரிடும் ஒரு விவசாய நண்பரின் டிராக்டருக்குக் கொடுத்துவிட்டு, மே மாதம் புதிதாக நிரப்புகிறேன்.

யாருக்கு இது ஆகாது என்றும் சொல்ல வேண்டும். வாடகை வீடு, சிறிய கொல்லை, அடிக்கடி ஊரில் இல்லாத ஆள், இவர்களுக்கு வேண்டாம். கரண்ட் போனால் தானாகக் கிளம்பாது, யாராவது மழையில் போய்ச் சுவிட்சைத் திருப்ப வேண்டும். என் மனைவிக்கும் பெரிய மகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன், போன மாதம் மகள் தனியாகவே கிளப்பி, அளவுகளைப் பார்த்து, லோடை மாற்றினாள். எட்டு நிமிடம்.

இப்போது மீட்டரில் 1452 மணி நேரம். தண்ணீர் பம்ப் பக்கம் லேசாகக் கசிவு தெரிகிறது, உதிரிபாகம் வந்து கராஜில் இருக்கிறது. சிலந்தியும் மண்குளவியும் காற்று நுழையும் கம்பித் தட்டிக்குள் கூடு கட்டுவதால் இந்த வாரம் அதையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், புயல் பருவம் தொடங்கும் ஜூன் வந்துவிட்டது.