மெயிலை மொத்தமா மாத்தித் தர்ற ஏஐ டூல்: பிரவுசிங் சென்டர் வச்சிருக்கவங்க அவசியம் படிங்க

மன்னார்குடி பக்கம் ஒம்பது வருஷமா பிரவுசிங் சென்டர் நடத்துறேன். சம்பாவுக்குப் பயிர் காப்பீடு போட வர்றவங்க அடங்கல், சிட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக் மொதப் பக்கம் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து கடை மெயிலுக்கு அனுப்பிருவாங்க, பதிஞ்சப்பறம் வர்ற ரசீதையும் நான் அதே மெயில்ல போட்டு வச்சிருவேன், ஏன்னா பேப்பர் ரசீது ஐப்பசி மழைல நனைஞ்சிரும் இல்லன்னா கரையான் அரிச்சிரும், அப்பறம் ஒரு நாள் வந்து "பாப்பா அந்த ரசீது இருக்கா"ன்னு கேட்டா பேரப் போட்டுத் தேடி ஒரு நிமிஷத்துல எடுத்துக் குடுத்துருவேன்.

இந்த சீசன்ல ஜிமெயிலோட 15 ஜிபியும் ரொம்பிருச்சு, புது மெயிலே உள்ள வரல. காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசி நாள்னு கடைல கூட்டம் நெருக்குது. அந்த நேரம் பாத்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு விளம்பரம். ஏஐ ஏஜென்ட்டுகிட்ட தமிழ்லயே சொன்னா போதும், எத்தன ஆயிரம் மெயிலா இருந்தாலும் ஒரு அக்கவுன்ட்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்திரும், தப்பானா பழையபடி திருப்ப அன்டூ பட்டன் இருக்கு, வருஷத்துக்கு 3,600 ரூபான்னு போட்டிருந்துச்சு. போன் போட்டு ரெண்டு தடவ கேட்டேன், "எதுவும் அழிஞ்சிராதுல்ல சார்"னு. "மூவ் மட்டும்தான் மேடம், டெலிட் கெடையாது"ன்னாரு. அந்த வார்த்தய நம்பித்தான் பணம் கட்டுனேன்.

2023 வரைக்கும் உள்ள காப்பீட்டு மெயில் எல்லாத்தையும் புது அக்கவுன்ட்டுக்கு மாத்துன்னு டைப் பண்ணேன். முக்கா மணி நேரத்துல "6,214 மெயில் மாற்றப்பட்டது, பிழை எதுவும் இல்லை"ன்னு வந்துச்சு. புது அக்கவுன்ட்டத் தொறந்து பாத்தா 4,371 தான் இருக்கு. மீதி 1,843 மெயில் பழைய அக்கவுன்ட்லயும் இல்ல, ட்ராஷ்லயும் இல்ல. கையெல்லாம் வெலவெலத்துப் போச்சு.

சென்னைல சாஃப்ட்வேர்ல இருக்க சித்தப்பா பையன் ஊருக்கு வந்தப்ப டூல் என்னென்ன பண்ணுச்சுன்னு பதிவாகுற லாக்க எடுத்துப் பாத்துட்டு வெளக்கமா சொன்னான். ஒரே அக்கவுன்ட்டுக்குள்ள மாத்துனா லேபிள்தான் மாறும், மெயில் அங்கயேதான் இருக்கும். ஆனா ஒரு ஜிமெயில்லேர்ந்து இன்னொரு ஜிமெயிலுக்குன்னா காப்பி எடுத்து அங்க போட்டுட்டு இங்க அழிக்கணும், வேற வழியே கெடையாது. இந்த டூல் கண்ணு மண்ணு தெரியாத வேகத்துல காப்பிய ஏத்திருக்கு, கூகுள் 429னு ஒரு எர்ரர அனுப்பி, கொஞ்சம் பொறுன்னு, நெறய மெயில ஏத்தாம நிறுத்திருக்கு, டூல் அதத் திரும்பவும் முயற்சி பண்ணல, அங்க போய்ச் சேந்துச்சான்னு எண்ணியும் பாக்கல, மொத லிஸ்ட்ட அப்படியே எடுத்து ஆயிரம் ஆயிரமா நிரந்தரமா அழிக்கிற கட்டளைக்குக் குடுத்துருச்சு. அந்தக் கட்டளைல போறது ட்ராஷுக்கே போகாது. ட்ராஷுக்குப் போயிருந்தா 30 நாள் டைம் இருந்திருக்கும். நம்ம தமிழ்ல சொல்றதக் கேட்டு டூல ஓட்டுற ஏஜென்ட்டும் மெயில் பெட்டியத் திரும்பப் பாக்கவே இல்ல, முடிஞ்சுதுன்னு டூல் சொன்னத அப்படியே நம்மகிட்ட சொல்லிருக்கு. அன்டூவ அமுக்குனா திருப்ப எதுவும் இல்லைன்னு வருது. கூகுளோட ரெக்கவரி ஃபார்மும் போட்டுப் பாத்தேன், கெடைக்கல.

வித்தவருகிட்ட கேட்டா "பர்மிஷன் நீங்கதானே குடுத்தீங்க"ங்கிறாரு. பர்மிஷன் பக்கத்துல படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமா அழிக்கன்னு இருந்துச்சுதான். அந்த நிரந்தரமா அழிக்கங்கிற வார்த்த எந்தப் பக்கத்துல இருந்தாலும் அலோ (Allow) பட்டன அமுக்காதீங்க, வாய்ல என்ன சத்தியம் பண்ணாலும் சரி. மாத்தியே ஆகணும்னா மொதல்ல கூகுள்ல டேக்அவுட்னு (Takeout) இருக்க டவுன்லோட் வசதியப் போட்டு மொத்தத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல எறக்கிருங்க, பத்தே பத்து மெயில வச்சு சோதிச்சு ரெண்டு பக்கமும் எண்ணிப் பாருங்க. நான் அதப் பண்ணிருந்தா தப்பிச்சிருப்பேன்.

போன வாரம் கோட்டூர் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் 2022 ரசீது கேட்டு வந்தாரு. இல்லங்கய்யா, போயிருச்சுன்னேன். அவரு திட்டல. சட்டப் பைலேர்ந்து ஒரு பழைய உர பில்ல எடுத்து, பின்னாடி பேனால எழுதி வச்சிருந்த சர்வே நம்பரக் காட்டி, "இத வச்சு எதுவும் பாக்க முடியாதாம்மா, நீதானே மெயில்ல பத்திரமா இருக்கும்னு சொன்ன"ன்னாரு. எனக்குப் பேச்சே வரல.

இப்ப நோட்டுல உள்ள நம்பருக்கெல்லாம் ஒவ்வொருத்தரா போன் போட்டு, வீட்டுல ரசீது காப்பி இருக்கான்னு கேட்டுகிட்டு இருக்கேன். 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகாரும் பதிஞ்சிட்டேன். கூகுள் அக்கவுன்ட்ல செக்யூரிட்டிக்குள்ள போயி அந்த டூலோட இணைப்ப எடுத்துட்டேன், இதே டூல வாங்குனவங்க இன்னைக்கே எடுத்துருங்க. ஆனா இணைப்ப எடுத்தா இனிமே உள்ள வர முடியாது, அவ்வளவுதான், அவங்க ஏற்கனவே எடுத்துட்டுப் போனது அதனால அழிஞ்சிராது. அத்தன பேரோட ஆதார், பாஸ்புக் காப்பி அவங்க சர்வர்ல இருக்கா, இருந்தா அழிச்சிட்டீங்களான்னு கேட்டு எழுதிருக்கேன். பதினோரு நாளாச்சு, பதிலே வரல.